மாவும் பலாவும் தேனும்: தகடூர் மண்ணில் ஒரு பழத்தேறலின் வரலாறு

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி களத்தில் மாய்ந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றின் 235ஆம் பாட்டு, அவன் வேலைப் பற்றித் தொடங்கவில்லை. வெற்றியைப் பற்றியும் தொடங்கவில்லை. கள்ளைப் பற்றித் தொடங்குகிறது. கிடைத்தது சிறிதளவாயின் அதனைப் புலவர்க்கே தந்துவிடுவான். பேரளவாயின் புலவர் உண்டு பாட, கேட்டுத் தானும் மகிழ்ந்து உண்பான். இறந்தவனை எண்ணியபோது ஔவையின் நெஞ்சில் முதலில் எழுந்தது இந்த அளவுதான். அடுத்துச் சோறு. அதன் பின்னரே அம்பும் வேலும் நுழையும் இடம் வருகிறது.

இந்தத் தொடக்கத்தை 'அதியனின் கொடைத்திறம்' என்னும் ஒரே தலைப்பில் அடக்கி விரைந்து கடந்துவிடுவது உரைகூறுவோர் வழக்கம். அக்கலத்தில் இருந்தது என்ன, அதை யார் செய்தார், எவ்வாறு செய்தார் என்ற வினாக்கள் எழுவதில்லை. கள் என்றவுடன் ஒரு கூச்சம் குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. ஆனால் சங்கப் புலவர்க்கு அந்தக் கூச்சம் இல்லை. பழமும் தேனும் கலந்து தேறல் செய்யும் முறையை அவர்கள் அடுக்களை அறிந்தவர் போலத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவற்றை அணி என்று மட்டும் கொள்ளாமல் செய்முறை என்றும் கொண்டு படித்தால், தமிழகத்தின் மிகப் பழைய கலவை மது ஒன்று அதன் சேர்மானங்களோடு முழுமையாகக் கிடைக்கிறது.

அது கிடைக்கும் இடம் அகநானூற்றின் 348ஆம் பாட்டு. பாடியவர் மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார். தலைவனின் நிலையற்ற சொல்லை நம்பிவிட்ட நெஞ்சை நினைந்து வருந்தும் தலைவியின் பாட்டு அது. அவன் நாட்டைச் சொல்லப் புகுந்தவள், குறவர் வீட்டு முன்றிலைச் சொல்கிறாள். முன்றிலில் திரண்ட அடியையுடைய மாமரம். கோடையில் முதிர்ந்து மணக்கும் அதன் கனி. அக்கனியோடு பலாவின் சுளை பிசையப்படுகிறது. தேனிறாலிலிருந்து எடுத்த தேன் அதிற் கலக்கப்படுகிறது. வண்டு மொய்க்கும் அந்தச் சாறு நீண்ட கணுக்களையுடைய மூங்கிற் குழாயில் இடப்பட்டு முதிர்கிறது. முதிர்ந்தபின் அதன் வேகம் பாம்பின் கடுப்பை ஒத்தது என்கிறாள். மலையுறை கடவுளுக்கு முதற்கண் படைத்துவிட்டு, தழையாடை உடுத்த மகளிர் ஊட்ட, குறவர் பருகுகின்றனர். பருகியவர் தினைப்புனத்தை மறந்துபோக, யானைகள் தினையைக் கவர்ந்துகொள்கின்றன. பிறகு இளையவரும் முதியவரும் ஒருங்கு கூடி வில்லை ஆராய்ந்துகொண்டு திரிகின்றனர்.

இப்பாட்டு எந்த ஊரையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. எனினும் மாவும் பலாவும் தேனும் மூங்கிலும் ஒருசேர அமைந்த நிலம் எது என்று கேட்டால், தகடூர்ச் சீமையும் அந்நிலங்களுள் ஒன்று. சித்தேரி மலையும் வத்தல்மலையும் பென்னாகரத்துக் காடுகளும் அதன் எல்லைக்குள் உள்ளன. மாந்தோப்புகளோ இன்றைக்கும் அம்மாவட்டத்தின் அடையாளம்.

செய்முறையை இனிப் படிப்படியாக நோக்கலாம். முதலாவது, பருவம். மாவும் பலாவும் கோடையின் முடிவில் ஒன்றாகப் பழுக்கின்றன. இரண்டும் ஒருங்கு கிடைக்கும் சில வாரங்களே இக்கலவைக்கு உரிய காலம். கோடை என்னும் சொல்லைப் புலவர் சும்மா இடவில்லை.

இரண்டாவது, தேன். தனித்தேன் எளிதில் புளிக்காது. அதில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சர்க்கரையின் செறிவு, நொதிக்கும் நுண்ணுயிர்களைச் செயலற்றவையாக்கிவிடும். பழச்சாற்றைக் கலந்து தேனை நெகிழ்த்தினால் நொதித்தல் தொடங்கும். நெகிழாத தேன் எளிதில் புளிக்காது; தேனின்றிப் பழச்சாறு அவ்வளவு கடுப்பேறாது. பழத்தின் தோலிலும் தேனிறாலிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு, அதன் எடையில் ஏறத்தாழப் பாதியை மதுச்சத்தாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் ஆக்குகிறது. மாங்கனி மட்டுமாயின் கிடைப்பது மெல்லிய மது. தேன் சேரச் சேரச் சர்க்கரை கூடும். சர்க்கரை கூடக் கடுப்பும் கூடும். பாம்பின் கடுப்பு என்ற உவமைக்குப் பின்னால் நிற்பது தேன்தான். கடுப்பைக் கூட்டவும் குறைக்கவும் குறத்தியின் கையில் இருந்த கருவியும் அதுவே.

மூன்றாவது, மூங்கில். அதன் கணுவிடை இயற்கை தந்த குடுவை. இதே முறையை மலைபடுகடாமும் சொல்கிறது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலில், மலைநாட்டுச் சிற்றூரினர் கூத்தர்க்கு மூங்கிற் குழாயில் விளைந்த தேனாலாகிய தேறலைத் தருகின்றனர். செங்கம் தகடூர்க்கு அண்டை நாடு; இடையில் நிற்பது மலைகளே. அப்பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. முதல்நாள் உண்ட கள்ளின் மயக்கம் மறுநாள் தீரும்பொருட்டு, மோரில் புளியைக் கலந்து உலைவைத்துச் சமைத்த உணவை அவ்வூரார் கொடுக்கிறார்கள். மதுவையும் அதன் மாற்றையும் ஒரே வீட்டார் அறிந்திருந்தனர்.

பழத்தேறலுக்கு இணையாக அரிசியால் ஆக்கப்படும் ஒன்றும் இருந்தது. அதன் செய்முறையைப் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் விரித்துரைக்கிறார். அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற வாயையுடைய தட்டுப்பிழாவில் ஊற்றி ஆறவிடவேண்டும். பாம்புப் புற்றின் உட்கூட்டைப் போன்ற தோற்றமுடைய நல்லடையை இடித்து அதிற் கலக்கவேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவேண்டும். வலிய வாயையுடைய சாடியில் பச்சை வாடை நீங்க முற்றவிட்டு, பின்பு விரலால் அலைத்துப் பிழியவேண்டும். தட்பவெப்பம் அறிந்தவர்க்கு இந்தக் கணக்கின் அருமை விளங்கும். சூடாகக் கலந்தால் நொதி மடியும். ஆறியபின் கலக்கவேண்டும் என்பதை நுண்ணுயிர் என ஒன்று உண்டு என்பதே அறியப்படாத காலத்தில் அவர் எழுதி வைத்தார். அதே நூலில் வேறோரிடத்தில் தோப்பி என்னும் கள்ளுக்கு, வீட்டில் அட்டது என்று பொருள்படும் அடைமொழியே வருகிறது. கடையில் விற்பது வேறு, இல்லத்தில் ஆக்குவது வேறு என்ற பாகுபாடு அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கவிஞர்க்கு இது பயன்படும். கள், தேறல், நறவு, பிழி, அரியல், மட்டு, தோப்பி என்று சங்கநூல்களில் வரும் பெயர்கள் ஒரே பொருளின் பல பெயர்கள் என்றே பயிற்றப்படுகின்றன. ஆயினும் அவற்றுட் சில, செயலின் படிநிலைகள். பிழிவதனால் பிழி. நாரால் அரிப்பதனால் அரியல். வண்டல் தங்கித் தெளிவதனால், அதாவது தேறுவதனால், தேறல். நறுமணத்தால் நறவு. பழைய உரையாசிரியர்கள் தேறலுக்குக் 'கள்ளின் தெளிவு' என்று பொருள் எழுதினர். அவர்களுக்கு வேறுபாடு தெரிந்திருந்தது. பிற்காலக் குறிப்புரைகளே எல்லாவற்றுக்கும் எதிரே 'கள்' என்று ஒரே சொல்லை எழுதித் தீர்த்தன. தொழில் மறைந்தபின் தொழிற்சொற்கள் ஒருபொருட் பன்மொழியாகச் சரிந்துவிடுவது எல்லா மொழிக்கும் நேர்வதுதான். ஆனால் அச்சரிவைப் புலவர் தலையில் ஏற்றி, ஓசைக்காகச் சொல்லை மாற்றினார் என்று கூறுவது அவர்க்குச் செய்யும் அநீதி.

சேர்மானத்தைத் திருத்தும் கலைக்கு வருவோம். இதில் கபிலரை விஞ்சியவர் இல்லை. அகநானூற்றின் இரண்டாம் பாட்டில் வாழைக்கனியும் பலாச்சுளையும் பாறைச் சுனையில் விழுந்து தாமாகவே தேறலாக விளைகின்றன. அறியாது பருகிய கடுவன், பக்கத்தில் மிளகுக்கொடி படர்ந்த சந்தனமரத்தில் ஏறமாட்டாமல் பூக்களின்மேல் உறங்கிவிடுகிறது. குறிஞ்சிப்பாட்டில் அவரே அக்கலவையை மேலும் நயமாக்குகிறார். அங்கே சுனையில் முதலில் உதிர்ந்து கிடப்பது பழுத்த மிளகு. அதன்மேல் மாங்கனி விழுகிறது. தேன் சிந்துகிறது. பலாப்பழம் நெகிழ்ந்து உகுகிறது. நீரென்று எண்ணிக் குடித்த மயில், விழாக்களத்தில் கயிற்றின்மேல் ஆடும் மகளைப் போலத் தளர்கிறது. அகப்பாட்டில் கொடியாக வெளியே நின்ற மிளகு, குறிஞ்சிப்பாட்டில் சுனைக்குள் வந்துவிட்டது. பழமும் தேனுமாகத் திகட்டும் இனிப்பை அறுப்பதற்கு ஓர் உறைப்பு வேண்டும் என்பதை அறிந்தவர் செய்த மாற்றம் இது எனலாம்.

மதுவல்லாத கலவையிலும் இவ்வளவை உண்டு. புறநானூற்றின் 24ஆம் பாட்டில் மாங்குடி கிழார், கடற்கரை மகளிர் பனங்குரும்பையின் நீர், கரும்பின் சாறு, தெங்கின் இளநீர் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்து பருகிக் கடலில் பாய்வதைக் காட்டுகிறார். மூன்று நீரையும் முந்நீர் என்று சொல்லி, கடலையும் முந்நீர் என்றே சொல்லும் அவர் சொல்விளையாட்டு புகழ்பெற்றது. விளையாட்டுக்குள் இருக்கும் பக்குவம் அவ்வளவு பேசப்படவில்லை: கரும்பு மிகுந்த இனிப்பு, இளநீர் மெல்லிய உவர்ப்பு, குரும்பை நீர் இரண்டுக்கும் நடுவானது.

கரும்பென்றதும் நினைவு மீண்டும் தகடூர்க்கே திரும்பும். விண்ணுலகத்துக் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர் அதியமான் மரபினர் என்பது ஔவையின் வாக்கு. 99ஆம் பாட்டிலும் 392ஆம் பாட்டிலும் அதனைச் சொல்கிறார். 392ஆம் பாட்டு அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடியது. விடியற்காலையில் பாசிவேர் போன்ற கந்தலோடு வாயிலில் நின்று தடாரி கொட்டிய பாணர்க்கு அவன் புத்தாடை தந்து, நாட்பட்ட தேறலைப் பொற்கலத்தில் கலந்து கொடுத்தான். அத்தேறலின் கடுப்புக்கு அங்கே உவமை தேளின் கடுப்பு. தோப்பிக்குப் பாம்பு, தேறலுக்குத் தேள்: தமிழ்ப் புலவர்கள் மதுவின் வலிமையை அளந்த அளவைக்கருவிகள் இவை. எழினியின் கலத்தில் சேர்ந்தவை யாவை என்று ஔவை விவரிக்கவில்லை. கலந்து கொடுத்தான் என்பதை மட்டும் மறக்காமல் சொன்னார். அதியர் மரபு கற்பனையன்று. திருக்கோவிலூர்க்கு அருகில் ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு நெடுமான் அஞ்சியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இத்தகைய கலவைகளுக்கும் உலகத்தார் இன்று காக்டெயில் என்று போற்றும் கலவைகளுக்கும் ஒரு மறைமுகமான உறவு உண்டு. ஆங்கில வணிகர்களும் மாலுமிகளும் பதினேழாம் நூற்றாண்டில் 'பஞ்ச்' என்றொரு பானத்தைப் பழகினர். இந்தியாவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரைச் சார்ந்த 1632ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே அப்பெயர் வந்துவிட்டது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணச் சரக்கு ஆகிய ஐந்தும் சேர்வதால் 'பஞ்ச' என்னும் ஐந்தின் பெயரே அதற்கு வாய்த்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இங்கிலாந்தில் சாராயத்தின் இடத்தை ஜின் முதலியவை பிடித்தன. ஜின் என்பது ஜூனிபர் என்னும் குளிர்நாட்டுச் செடியின் மணக்கும் காயை இட்டு வடிக்கும் மது; ஒல்லாந்தரின் 'ஜெனிவர்' அதற்கு முன்னோடி. அந்த வழியின் கடைக்கொழுந்துகளுள் ஒன்று சிங்கப்பூர் ராஃபிள்ஸ் விடுதியில் பிறந்த 'சிங்கப்பூர் ஸ்லிங்'. ஹைனான் தீவைச் சேர்ந்த நியாம் தோங் பூன் அதனை 1915இல் ஆக்கினார் என்பது விடுதியின் கூற்று. ஜின்னோடு செர்ரி மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு எனப் பழச்சுவை மிகுந்த கலவை. வீட்டில் அதனைச் செய்பவர் படும் பாடெல்லாம் ஒன்றே: அன்னாசி மிகுந்தால் திகட்டும், எலுமிச்சை மிகுந்தால் பல் கூசும், இரண்டையும் சரிசெய்யப் போனால் ஜின்னின் காய்மணம் அமுங்கிவிடும். கபிலரின் சுனையில் மாவின் புளிப்பும் பலாவின் இனிப்பும் தேனும் நீரும் மிளகும் ஐந்தாக நிற்கின்றன. ஜூனிபர்க்காயின் இடத்தில் மிளகு. சங்கத்தார்க்கு வடித்தெடுக்கும் மது தெரியாது. அவர்களுடையது புளிக்கவைத்தது மட்டுமே. பஞ்சும் கபிலரிடமிருந்து வந்ததன்று. ஆயினும் சேர்க்கும் முறையின் இலக்கணம் ஒன்றே.

அந்த இலக்கணம் தகடூர் வீடுகளிலிருந்து மறைந்தது எவ்வாறு? மதுவிலக்கால் என்று உடனே விடை கூறத் தோன்றும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கம்பெனியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் 1799வரை அங்கே நிலவரித் திட்டம் செய்தனர். மன்றோ தருமபுரியில் தங்கி ஒரு தோட்டத்தையும் உண்டாக்கினார். அதனைப் பிரியும்போது அவர்பட்ட வருத்தம் அவர் கடிதங்களில் தெரிகிறது. நிலத்தைப் போலவே கள்ளும் சாராயமும் அரசின் வருவாய் இனங்களாயின. காய்ச்சும் உரிமையும் விற்கும் உரிமையும் குத்தகைக்கு விடப்பட்டன. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டம் இதனை முற்றாக ஒழுங்குபடுத்தியது. உரிமமின்றி மது செய்வது குற்றமாயிற்று. முன்றிலில் மாங்கனி பிசைந்த குறத்தியின் வழிவந்தவள் சட்டத்தின்முன் கள்ளக் காய்ச்சுக்காரியானாள். இல்லத்தில் அட்டது ஒழிந்து, கடையில் விற்றது நிலைத்தது. அதை நடத்தியது ஒழுக்கமன்று, கருவூலம்.

இதில் ஒரு விந்தை. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டு வெளியிட்டது 1889இல், புறநானூற்றை 1894இல். வீட்டில் தேறல் செய்வது குற்றமாகி மூன்றே ஆண்டில் அதன் செய்முறை தமிழர் கைக்கு அச்சில் வந்து சேர்ந்தது. படித்தவர்க்கு அது செய்முறையாகத் தோன்றாததில் வியப்பில்லை.

மதுவிலக்கு அதற்குப் பின் வந்தது. அது முதலில் வந்த இடமும் இம்மண்ணே. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தியவர். சென்னை மாகாண முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆப்காரி வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுதும் பரவியது. பின்னர் நடந்த திறப்புகளும் அடைப்புகளும் பலரும் அறிந்தவை. கள்ளுக்கு 1987 சனவரி முதல் தடை நீடிக்கிறது.

இராஜாஜியின் நோக்கைக் குறைகூற இடமில்லை. அவர் கண்டது சேந்தன் கூத்தனார் பாடிய மூங்கிற் குழாயை அன்று. கூலி முழுதையும் குத்தகைக்காரன் கடையில் இழந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய உழவுத் தொழிலாளியையும், அவன் மனைவியையும் கண்டார். அன்றியும், குடியால் வரும் கேட்டை அகப்பாட்டே மறைக்கவில்லை. குறவர் மயங்கிய வேளையில் தினை போயிற்று என்று சொல்லித்தான் முடிக்கிறது. ஆனால் அந்தப் பாட்டில் இழப்பு ஒரு பருவத்தின் ஓர் இரவு. மறுநாள் முதியவரும் வில்லெடுத்து வருகின்றனர். கடையின் இழப்புக்குப் பருவம் கிடையாது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு இரண்டுக்கும் 'கள்' என்ற ஒரே சொல்லை எழுதுவதால், ஔவையின் கலமும் குத்தகைக்காரன் பானையும் ஒன்றாகிவிடுகின்றன.

அஞ்சி மறைந்தபின் ஔவை பாடிய இன்னொரு பாட்டு, 232ஆம் பாட்டு, அவனுக்கு நட்ட கல்லின்முன் நிகழ்கிறது. கல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் அரித்த தேறலைச் சிறு கலத்தில் உகுக்கிறார்கள். மலையோடு கூடிய நாட்டைக் கொடுத்தபோதும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று அவர் கேட்கிறார். தருமபுரிப் பகுதியிலும் செங்கத்திலும் பிற்காலத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் அவற்றைக் காணலாம். ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளுமாக வீரன் நிற்கிறான். அக்கற்கள் பலவற்றில் அவன் காலருகே சிற்பி மறவாமல் ஒரு சிறு கெண்டியைச் செதுக்கியிருக்கிறான்.